ஏட்டையா ஓட்டாத கார்

இலஞ்சியில் போய் சிவனணைந்தபெருமாள் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஏட்டையா வீடு என்று கேட்டால், "கார மூடி வச்சிருப்பாகளே, அந்த வீடா?" என்று கையைக் காட்டிவிடுவார்கள். மூடி வைத்திருந்த அந்தக் கார் அவ்வளவு பிரசித்தம்.

ஏட்டையா முப்பத்திரண்டு வருடம் போலீஸ் ஜீப் ஓட்டியவர். அரசாங்கத்து ஜீப்புகள் அவர் கையில் பட்ட பாட்டைக் கேட்டால் ஜீப்பின் மேல் இரக்கம் வந்துவிடும். பள்ளம் மேடு பார்க்க மாட்டார். குற்றால சீசனில் பெரிய அதிகாரிகளை ஐந்தருவிக்கு ஏற்றிப்போனால், இறங்கும்போது அதிகாரி முதலில் இடுப்பைப் பிடிப்பார், அப்புறம்தான் தொப்பியை மாட்டுவார். புளியறைச் சோதனைச் சாவடியில் நிற்காமல் போன லாரி ஒன்றை மலைப்பாதையில் துரத்திப் பிடித்துவிட்டு, ஜீப்பின் முன் பம்பரை ஒரு பலா மரத்தடியில் விட்டு வந்தவர் அவர். அதற்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் ஒரே வாரத்தில் வந்தன. "சர்க்கார் வண்டி, அடிபடத்தான் செய்யும்" என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தார்.

நாலு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்றார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஆனந்தவள்ளி, "எலக்ட்ரிக் கார் வாங்குங்கப்பா. ஆயில் மாத்த வேண்டாம், பெட்ரோல் பங்க்ல நிக்க வேண்டாம்" என்றாள். வெள்ளை நிறத்தில் ஒன்று வாங்கினார். முதல் மாதம் காரும் அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். திருச்செந்தூர் போய் வந்தார்கள். தெருவில் கேட்டவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு இலஞ்சிக் குமாரர் கோயிலைச் சுற்றி வந்தார்.

இரண்டாம் மாதம், டீக்கடையில் யாரோ ஒருவன் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அதில் ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். மின்சாரக் காரில் பேட்டரிதான் எல்லாம். அது செத்தால் கார் விலையில் பாதியைக் கொட்டிப் புதுசு வாங்க வேண்டும். பேட்டரி செத்த காரைப் பழைய இரும்புக்காரன்கூடத் தொடமாட்டான். ஏட்டையா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அதன் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தார். அந்த நிமிடத்திலிருந்து கார் அவர் வீட்டில் ஒரு பத்திய நோயாளி ஆனது.

எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றுவதில்லை. முப்பதுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. விரைவாக ஏற்றும் சார்ஜர் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அது பேட்டரிக்கு ஊசி போடுவது மாதிரியாம். ஏசி கிடையாது. மலை ஏற்றம் கிடையாது. அதனால் மூன்று கிலோமீட்டரில் இருக்கும் குற்றாலம் காரின் வரைபடத்திலிருந்தே அழிந்து போனது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, கீழே நனைத்த சாக்கை விரித்துப் போட்டார். தனக்கு வியர்த்துக் கொட்டும்போது கூடத்து ஃபேனை ஒன்றில் வைக்கிற மனுஷன், காருக்கு மட்டும் தினமும் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினார்.

இதில் அதிகம் கஷ்டப்பட்டது அவர் மனைவி நிர்மலாதேவி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தம் போட்டுப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்வார். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடையத்தில் அவர் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. பட்டுச் சேலை, மடியில் சீர்த்தட்டு, தட்டில் ஆப்பிளும் மல்லிகைப் பூவும். காரில் எழுபத்தெட்டு சதவீதம் இருந்தது. கிளம்பினார்கள். பாவூர்சத்திரம் வந்ததும் ஏட்டையா ஓரம் கட்டினார்.

"ஏட்டி, ஏழு கொறஞ்சிட்டு."

"என்ன கொறஞ்சிட்டு?"

"பெர்சன்ட். எழுவத்தொண்ணுதான் இருக்கு."

"எழுவத்தொண்ணு இருக்கில்லா? அப்பொறம் என்ன?"

"போயிட்டுத் திரும்பி வந்தா அம்பதுக்கு வந்துரும். நாளைக்கே சார்ஜ் போடணும். ஒரு சார்ஜ்னா அதுக்கு ஆயுசுல ஒரு நாளு போச்சுன்னு அர்த்தம்."

நிர்மலாதேவி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சீர்த்தட்டோடு இறங்கிக் கடையம் பஸ்ஸில் ஏறினார். ஏட்டையா ஒன்றும் மனைவியை அம்போவென்று விட்டுவிடவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு இலஞ்சிக்கு வந்தார், கொட்டகையில் நிறுத்தினார், மூடினார், ஓடிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். கடையத்தில் அவர் போய் இறங்கியபோது காதும் குத்தி, இலையும் எடுத்தாகிவிட்டது. "கார்ல வருவியன்னு சொன்னாங்க?" என்று மச்சினர் கேட்டார். "கார் வீட்ல நல்லா இருக்கு" என்றார் நிர்மலாதேவி.

இப்படி நாலு வருடம் போனது. பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். பாதி முடிந்துவிட்டது என்ற நினைப்பு ஏட்டையாவை அரிக்கத் தொடங்கியது. விலை இருக்கும்போதே தள்ளிவிடுவோம் என்று முடிவு செய்தார். நன்னகரம் ரோட்டில் ஆட்டோ கன்சல்டிங் வைத்துப் பழைய கார்களை வாங்கி விற்கும் ஜெபசிங்கிடம் சொன்னார். சொல்லிவிட்டு, விற்கப்போகிற பண்டம் கசங்கக் கூடாதல்லவா, காரைத் துடைத்து மெழுகு போட்டு, மேலே ஒரு போர்வை, அதற்கு மேல் ஒரு தார்ப்பாய் என்று மூடி வைத்தார். அதன் பிறகு தொடவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஜெபசிங் ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். கடையத்தில் இருந்து தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் கணக்கு டீச்சர், ஜெபமலர் என்று பெயர். கையில் ஒரு சின்ன டார்ச் லைட் வைத்திருந்தார். டயருக்குள் அடித்துப் பார்க்கவாம். ஏட்டையாவுக்கு ஆளைப் பார்த்ததுமே பிடித்துப்போனது. இவ்வளவு கவனமான பொம்பளை கையில் கொடுத்தால் கார் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தார்.

தார்ப்பாயை எடுத்தார். போர்வையை எடுத்தார். கண்ணாடி மாதிரி மின்னியது கார். சாவியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். கொஞ்சம் கிட்டே போய் அழுத்தினார். சாவியைத் துவாரத்தில் விட்டுக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பொத்தானைக் குத்தினார். விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. ஏட்டையாவின் முகம் பிரேதப் பரிசோதனைக்குக் கூட வந்த உறவுக்காரர் முகம் மாதிரி ஆனது. "செத்துட்டுதாலே?" என்றார் ஜெபசிங்கிடம், மெதுவாக.

ஜெபசிங் முன்பக்க மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். "ஓட்டி எத்தன நாளாச்சி ஏட்டையா?"

"முப்பத்தெட்டு நாளு. தூசி படாம வச்சிருக்கேன்."

"அதான் விஷயம். கீழ இருக்க பெரிய பேட்டரி நல்லாத்தான் இருக்கும். பூட்டு, லைட்டு, டிஸ்பிளே இதுக்கெல்லாம் கரண்டு குடுக்க இங்கன சின்ன பேட்டரி ஒண்ணு உண்டும், சாதா கார்ல இருக்கமாரி. வண்டி ஓடுனாத்தான் அது நெறையும். நீங்க ஓட்டாம போட்டு அத கொன்னுட்டிய."

நாலு வருடம் ஒரு பேட்டரியைக் காப்பாற்றுவதற்காகத் தவம் கிடந்தவருக்கு, பக்கத்திலேயே இன்னொரு பேட்டரி பட்டினி கிடந்து செத்த செய்தி அப்போதுதான் தெரிந்தது. ஜெபசிங் தன் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி வயரைப் போட்டு உயிர் கொடுத்தான். டிஸ்பிளே எரிந்தது. ஜெபமலர் டீச்சர் உள்ளே தலையை நீட்டிக் கிலோமீட்டரைப் பார்த்தார். ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. டார்ச் லைட்டை அடித்தும் பார்த்தார். அதே ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

"சார், தப்பா நெனைக்காதிய. மீட்டரத் திருப்பி வச்சிருக்கியளா?"

ஏட்டையா விறைத்தார். "டீச்சர், நான் போலீஸ்ல இருந்தவன்!"

"அதுக்கில்ல சார். எங்க ஸ்கூல் ஆயா சைக்கிளு நாலு வருஷத்துல இதவிடக் கூட ஓடிருக்கும்."

வாசல் நிலையில் நின்றிருந்த நிர்மலாதேவிதான் சாட்சி சொல்ல வந்தார். "மீட்டர் நெசந்தான் டீச்சர். நான் பஸ்ல போன தூரத்தையெல்லாம் அதுல சேக்கல. அதான் கொறச்சலா தெரியுது."

ஜெபமலர் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார். டயரின் பட்டை தேயவே இல்லை. பக்கவாட்டில்தான் நின்ற இடத்திலேயே நின்று லேசாக வெடிப்பு விட்டிருந்தது. அதையும் அவர் பார்த்தார்.

"சரி, பேட்டரிய டெஸ்ட் பண்ணிருவோம்" என்றான் ஜெபசிங். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, செல்போனை எடுத்தான். "புதுசுல நூறுன்னா, இப்ப எத்தன தாங்குதுன்னு இது சொல்லிரும். நீங்க எத்தன வரும்னு நெனைக்கிய ஏட்டையா?"

"தொண்ணூத்தொம்பது. கொறச்சுத்தான் சொல்லுதேன்."

போன் கொஞ்ச நேரம் சுற்றியது. தொண்ணூற்றொன்று என்று காட்டியது.

ஏட்டையா கருவியைப் பிடுங்கி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, ஊதி, மறுபடி செருகினார். தொண்ணூற்றொன்று.

"நல்ல ரீடிங் ஏட்டையா இது" என்றான் ஜெபசிங். அது ஆறுதலாக இல்லை. இரவல் கொடுத்த பாத்திரம் ஓட்டை விழுந்து திரும்பி வந்ததைப் போல அவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமலர் டீச்சர், "இதே மாடல்ல வேற எதும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, யார்டில் ஒன்று நிற்கிறது என்றான் ஜெபசிங். டீச்சர் கிளம்பினார். அவர்களுக்கு முன்னால் ஏட்டையா போய் ஜெபசிங் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

யார்டில் நின்ற காரும் அதே வெள்ளை, அதே வருடம். ஆனால் டாக்ஸி. குற்றாலத்தில் ஓட்டும் முகம்மது ரபீக்கின் வண்டி. பெரிய வண்டி எடுக்கப்போகிறான் என்று இதை விற்க நிறுத்தியிருந்தான். அவனும் அங்கேதான் இருந்தான். உள்ளே சீட்டெல்லாம் அருவிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து கருத்திருந்தது. மீட்டர் ஒரு லட்சத்து இருபத்தையாயிரம். ஜெபசிங் கருவியைச் செருகினான்.

எண்பத்தெட்டு.

ஏட்டையா முப்பத்திரண்டு வருடத்து அனுபவத்தைத் திரட்டிக்கொண்டு ரபீக்கை விசாரிக்கத் தொடங்கினார்.

"ஏலே, உண்மையச் சொல்லு. ஏசி போடுவியா?"

"போடாம? எண்ணெ தேச்ச அஞ்சு பேரு ஏறுனா, ஏசி இல்லேன்னா நான் மயங்கிருவேன் ஏட்டையா."

"மலை ஏத்துவியா?"

"ஆள் கெடச்சா புனலூருக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப்பு அடிப்பேன்."

"பாஸ்ட் சார்ஜர்?"

"வாரத்துல மூணு நாளு. சீசன்ல நாலு."

"எண்பதுல நிப்பாட்டிருவியா?"

"எதுக்கு நிப்பாட்டணும்? வயரச் சொருவிட்டுத் தூங்கிருவேன். காலேல நூறு நிக்கும்."

இத்தனை குற்றத்தையும் ஒப்புக்கொண்டவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். குற்றமே செய்யாதவர் கைகட்டி நிற்கிறார். ஜெபசிங்கின் பக்கம் திரும்பினார்.

"அப்ப எனக்கு ஒம்பது எங்கலே போச்சு?"

"சும்மா நின்னதுல போச்சு ஏட்டையா. எங்கிட்ட வந்த வண்டியள வச்சுச் சொல்லுதேன். வருஷம் போவப் போவ, நம்ம ஊரு வெயிலுக்கு, ஓடுனாலும் ஓடாட்டியும் அது பாட்டுக்குக் கொஞ்சம் கொறையத்தான் செய்யும். நீங்க பாத்துப் பாத்து வளத்ததுக்கும் பலன் இருக்கு. இல்லேங்கல."

"எத்தன?"

"மூணு."

"மூணா?"

"மூணு பெர்சன்ட்."

ஜெபமலர் டீச்சர் ரபீக்கின் வண்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். விலையும் குறைச்சல். போகும்போது ஏட்டையாவிடம் மட்டும் தனியாக வந்து, "உங்க வண்டி நல்ல வண்டிதான் சார். ஆனா இந்த வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு எப்படி ஓடும்னு தெரிஞ்சுபோச்சு. உங்க வண்டி எப்படி ஓடும்னு உங்களுக்கே இன்னும் தெரியலியே" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கணக்கு டீச்சர் அல்லவா, விடையைத்தான் சொன்னார்.

ஜெபசிங் புதுசாக ஒரு சின்ன பேட்டரியைக் கொடுத்து அனுப்பினான். அதை மாட்டிவிட்டு ஏட்டையா காரிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. மூன்று சதவீதத்தை மனசுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அதைச் சேமிப்பதற்காக எங்கெல்லாம் போகாமல் இருந்தோம் என்று ஒவ்வொன்றாக வந்தது. கோயம்புத்தூரில் மகள் வீட்டுப் பால்காய்ச்சுக்கு நின்றுகொண்டே போன பஸ். சீசன் முழுக்கச் சாரல் அடித்தும் பார்க்காத அருவி. பட்டுச் சேலையும் சீர்த்தட்டுமாகப் பஸ் படியில் ஏறிய நிர்மலா, தட்டிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு விழுந்தது, அதைக் கண்டக்டர் எடுத்துக் கொடுத்தது. அப்போது அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பினார். இப்போது காதெல்லாம் சுட்டது.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். சாயங்காலம் காப்பி குடிக்கும்போது டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புது பேட்டரி மாட்டிருக்கில்லா. கொஞ்ச தூரம் ஓட்டணுமாம். நாளைக்கு எங்கயாவது போயிட்டு வருவோமா?"

"எந்த ஸ்டாப்புல என்னய எறக்கி விடுவிய?"

"எறக்கி விடமாட்டேன்ட்டி."

மறுநாள் காலை அவர் சட்டை பொத்தான் போட்டு முடிப்பதற்குள் நிர்மலாதேவி முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு மஞ்சப்பையோடு, பெல்ட்டும் போட்டிருந்தார். மனசு மாறுவதற்கு நேரம் கொடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

ஆனி மாதம். நல்ல சாரல். செங்கோட்டை தாண்டுவதற்குள் முன் கண்ணாடியெல்லாம் புகை படிந்தது போல் மூடிக்கொண்டது. ஏட்டையா துண்டால் துடைத்தார். மறுபடி மூடியது. நிர்மலாதேவி கையை நீட்டி ஏசியைப் போட்டார். கண்ணாடி தெளிந்தது. ஏட்டையா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

புளியறையில் டீ குடித்தார்கள். அதற்கு மேல் மலை. முதல் வளைவு வந்ததும் ஏட்டையாவின் கைகள் தானாகவே விழித்துக்கொண்டன. நாலு வருடமாக இந்தக் கைக்கு வேலையே இல்லை. எதிரே ஓலமிட்டுக்கொண்டு வந்த லாரிக்கு ஒதுங்கி, வளைவில் ஒரே திருப்பு. ஜீப்பைப் போல் இருமவும் இல்லை, முனகவும் இல்லை. கார் எண்ணெயில் வழுக்கியதைப் போல ஏறிப் போனது. "ஏட்டி, என்னமா இழுக்குது பாரு!" என்றார். சொன்ன கையோடு கண் டிஸ்பிளேக்குப் போனது. அறுபத்து மூன்று. அறுபத்தொன்று. ஆரியங்காவு வரும்போது ஐம்பத்தெட்டு. நெற்றியில் ஏசியையும் மீறி வியர்த்தது.

அங்கிருந்து ரோடு தென்மலையைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. ஏட்டையா காலை எடுத்துவிட்டார். கார் தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கியது. ஐம்பத்தெட்டு அப்படியே நின்றது. கொஞ்ச தூரம் போனதும் ஐம்பத்தொன்பது என்று காட்டியது.

ஏட்டையா பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினார்.

"என்ன, எறங்கணுமா?" என்று நிர்மலாதேவி மஞ்சப்பையைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணு கூடிட்டுட்டி!"

"என்னது கூடிட்டு?"

"பெர்சன்ட்! எறக்கத்துல வண்டியே சார்ஜ் ஏத்துது! கரண்டும் இல்ல, வயரும் இல்ல. பாரு, அம்பத்தொம்பது!" ரபீக் இதைச் சொல்லவே இல்லையே என்று நினைத்தார். மலைக்கு வராத காருக்கு அதை யார் சொல்வது? ஏட்டையா பின்னால் திரும்பி, வந்த பாதையைப் பார்த்தார். "திரும்ப மேல ஏறி, இன்னொருக்க எறங்கிப் பாப்பமா?"

"ஏறி எறங்கி ஏறி எறங்கி இங்கனயே குடித்தனம் பண்ணவா? நேர விடுங்க."

"நேர போனா கொல்லம் வந்துருமேட்டி."

"வரட்டும். அங்கன கடல் இருக்கும்லா?"

ஏட்டையா டிஸ்பிளேயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். காரை எடுத்தார்.

மத்தியானம் கொல்லம் கடற்கரையில் காரை நிறுத்தியபோது மகள் ஆனந்தவள்ளியிடமிருந்து போன் வந்தது. வண்டி விற்றாகிவிட்டதா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தாள்.

"எங்கப்பா இருக்கிய? ஒரே எரச்சலா இருக்கு."

"கொல்லத்துல. கடல் சத்தம்."

"கொல்லத்துலயா? யாரு வண்டில போனிய?"

"நம்ம வண்டிலதாம்ளா" என்றார் ஏட்டையா. பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த மலையாளத்துக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னார்.

"போன அம்மாட்ட குடுங்க" என்றாள் மகள்.

ஏட்டையா போனை உயர்த்திக் காட்டிக் கூப்பிட்டார். நிர்மலாதேவி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அலைக்குள் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் பேசுகிறேன் என்று கையை ஆட்டிவிட்டு, இன்னும் இரண்டடி உள்ளே போனார்.